இடது பக்கத்து மூடி

ஆறு ஸ்க்ரூ. கழற்றிய ஒவ்வொன்றையும் இட்லித்தட்டில் அதனதன் குழியில் போட வேண்டும். மேல் வரிசையில் இருந்தது மேல் குழிக்கு, கீழ் வரிசையில் இருந்தது கீழ்க் குழிக்கு. இடம் மாறினால் மாரப்பனுக்குத் தெரிந்துவிடும். ஸ்க்ரூவின் தலையைப் பார்த்தே இது நான் முடுக்கியது, இது வேறு கை முடுக்கியது என்று சொல்லிவிடுவான், முப்பது வருடம் லேத்திலும் ஃபிட்டராகவும் இருந்தவன். உடுமலையில் அவன் தங்கை மகளுக்குக் கல்யாணம். காலை முகூர்த்தம், பந்தி முடிந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணிக்குச் சூலூர் வந்துவிடுவான், நேராக இங்கேதான் வருவான், வீட்டுக்குக்கூடப் போகமாட்டான். இப்போது பத்தரை. மூன்று மணி நேரம் இருக்கிறது. முதல் ஸ்க்ரூ இளகிவிட்டது. ஏன் இவ்வளவு சுலபமாக இளகுகிறது? நான் முடுக்கியிருந்தால் இளகாது. அல்லது அவன் அடிக்கடி திறந்து மூடுகிறானா, எனக்குத் தெரியாமல்? பதினோரு வருடமாக இந்தக் கொட்டகையில், இந்த மேஜையின் மேல், எங்கள் குட்டி ரயில் எஞ்சின் நிற்கிறது. ஐந்தடி நீளம், ஒரு கன்றுக்குட்டியின் கனம். நிஜக் கரி போட்டு, நிஜத் தண்ணீர் ஊற்றி, நிஜ நீராவியில் ஓடுகிற வண்டி. பின்னால் தாழ்வான பலகை வண்டியைக் கோத்தால் ஆறு குழந்தைகளை இழுக்க வேண்டும். இழுக்க வேண்டும் என்றுதான் சொல்ல முடிகிறது. போன வருடம் பள்ளிக்கூட விழாவில் மைதானத்தின் மேட்டருகே வந்ததும் இழுக்கவில்லை. திணறியது, புகை விட்டது, நின்றது. குழந்தைகளின் அப்பாக்கள் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். யாரோ ஒருவர், மாட்டைப் பூட்டுங்கப்பா என்றார். எல்லோரும் சிரித்தார்கள், மாரப்பனும் சிரித்தான். கரி சரியில்லீங்ணா என்றான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே விழா, அதே மேடு. நான் நல்ல கரி வாங்கியாயிற்று. கரியில் இல்லை கோளாறு, எனக்குத் தெரியும். கோளாறு இந்த மூடிக்குள் இருக்கிறது.

திறக்கக்கூடாது என்பது பேச்சு. முதல் நாளே பேசியது. வண்டியின் முகத்தைப் பார்த்து நின்றால் தலை குழம்பும் என்று, வண்டி போகிற திசையில் உட்கார்ந்து வலது பக்கம் எது இடது பக்கம் எது என்று முடிவு செய்தோம். வலது பக்கத்துச் சிலிண்டர், வால்வு, கம்பிகள், எல்லாம் நான் செய்ய வேண்டியது. இடது பக்கம் அவன். ஆளுக்கொரு பக்கம், ஒருவர் பக்கத்தை இன்னொருவர் தொடக்கூடாது. அப்போது அவன் சொன்னான், சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "இங்க இன்ஸ்பெக்‌ஷன் கெடையாதுங்ணா." நானும் சிரித்தேன். பம்பு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் நான் இன்ஸ்பெக்டர். அவன் கடைந்ததையும் ராவியதையும் நான் அளந்து, ஆகும் என்றால் ஆகும், ஆகாது என்றால் சிவப்புப் பெயின்ட். ஓய்வு பெற்ற பிறகும் நான் அவனை நீ என்கிறேன், அவன் என்னை நீங்க என்கிறான். சார் என்பதை மட்டும் விட்டுவிட்டு ணா என்று மாற்றிக்கொண்டான். நீ என்றே கூப்பிடப்பா, நமக்கு ஒரே வயது என்று எத்தனை தடவை சொன்னேன். "ஆகட்டுங்ணா" என்பான். அதென்ன மரியாதை? மரியாதையை எட்ட நிற்பதற்கான வேலியாகவும் வைத்துக்கொள்ளலாம், ஏன் கூடாது? மூன்றாவது ஸ்க்ரூ. நான்காவது. பக்கத்து வீட்டுத் தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது, நல்லது, சத்தம் வெளியே போகாது. யாருக்குப் போகக்கூடாது சத்தம்? என் கொட்டகை, என் மேஜை. போன மாதம் நான், இரண்டு மூடியையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடலாமா மாரப்பா என்றேன். எண்ணெய்க் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிரவே இல்லை. "ஓடற எஞ்சினை எதுக்குங்ணா நோண்டோணும்?" என்றான். ஓடுகிற எஞ்சினா? மேட்டில் நிற்கிற எஞ்சின். அன்றைக்கு விழுந்தது சந்தேகம். அல்லது அதற்கு முன்பே விழுந்ததா? மேட்டில் வண்டி திணறியபோது அவன் வண்டியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான். தப்புச் செய்தவன்தான் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்ப்பான். முப்பத்தைந்து வருடத்தில் எத்தனை முகங்கள்.

போன். மேஜைமேல் அதிர்ந்து அதிர்ந்து இட்லித்தட்டின் பக்கம் நகர்கிறது. மாரப்பன். கையைத் துணியில் துடைத்துவிட்டு எடுக்க நேரமாயிற்று. மேளச் சத்தத்துக்கு நடுவே கத்துகிறான். "சாப்டாச்சுங்ணா. பாயசம் ரெண்டு டம்ளர். நீங்க என்ன பண்றீங்க?" பேப்பர் படிக்கிறேன் என்றேன். "இன்னுமா படிக்கிறீங்க? காத்தாலேயே முடிச்சிருப்பீங்களே" என்றான். அப்புறம், "பன்னண்டு மணிப் பஸ்ஸைப் புடிச்சுருவனுங்ணா. எஞ்சினுக்கு எண்ணெய் நாளைக்கு ஊத்திக்கலாம், நீங்க சிரமப்படாதீங்க." வைத்துவிட்டான். ஏன் கூப்பிட்டான்? கல்யாண வீட்டில், பந்தியிலிருந்து எழுந்த கையோடு, என்ன பண்றீங்க என்று கேட்க வேண்டிய அவசியம் என்ன? சிரமப்படாதீங்க என்றால் தொடாதீங்க என்று அர்த்தம். நான் தொடுவேன் என்று அவன் ஏன் நினைக்க வேண்டும், உள்ளே ஒன்றும் இல்லையென்றால்? ஐந்தாவது ஸ்க்ரூ. விரல் வியர்த்து வழுக்குகிறது. ருக்மணி மோரோடு வந்து வாசலில் நிற்கிறாள், எத்தனை நேரமாக என்று தெரியவில்லை. நாற்பத்திரண்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள், கொட்டகைக்குள் காலை வைக்க மாட்டாள், எண்ணெய் ஒட்டும் என்று. "என்னுங்க, மாரப்பண்ணன் இல்லாத நாளாப் பாத்து அவரு பக்கம் உக்காந்திருக்கீங்க?" என்றாள். வெளிச்சம் இந்தப் பக்கம்தான் நன்றாக வருகிறது என்றேன். "பதினோரு வருஷமா அந்தப் பக்கம் வந்த வெளிச்சம் இன்னைக்கு இந்தப் பக்கம் திரும்பிருச்சாக்கும்" என்று டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆறாவது. இனி மூடி. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே எண்ணெய்க் காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கும், அது கிழிந்தால் எல்லாம் போயிற்று. பழைய பிளேடை ஓரத்தில் செலுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக, அப்பளம் திருப்புகிற மாதிரி. வந்துவிட்டது. கிழியவில்லை. உள்ளே கறுப்பாக எண்ணெய் மினுங்குகிறது. இவ்வளவுதான், ஒரு சீட்டுக்கட்டு கொள்கிற பெட்டி. கொதிகலனில் இருந்து வரும் நீராவி முதலில் இங்கே வந்து நிற்கும். கீழே இரண்டு சிறிய வாசல்கள், ஒன்று பிஸ்டனுக்கு முன்னால் போக, ஒன்று பின்னால் போக. வாசல்களின் மேல் ஒரு பித்தளைக் கட்டை, தேய்ந்த சோப்புத் துண்டு போல, முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டே இருக்கும். முன்வாசலைத் திறக்கும், மூடும், பின்வாசலைத் திறக்கும், மூடும். அதுதான் வால்வு. கட்டை சரியான நீளம் இருந்தால் நீராவி சரியான நேரத்தில் உள்ளே போகும். நீளம் கூடிப்போனால் வாசல் தாமதமாகத் திறக்கும், சீக்கிரமாக மூடும், நீராவி வெளியே காத்து நிற்கும், வண்டி மேட்டில் மூச்சு வாங்கும். வரைபடத்தில் நீளம் 17.20. நான் எழுத வேண்டியதில்லை, மனதில் இருக்கிறது. கட்டையைத் துடைத்து மைக்ரோமீட்டரில் வைத்தேன். என்னுடைய மைக்ரோமீட்டர், ஓய்வு பெற்றபோது கொண்டுவந்தது, வேறு யார் கையும் பட விட்டதில்லை. குழந்தைக்குச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம்: நடுவில் ஒரு கோடு, கோட்டுக்கு மேலே முழு மில்லிமீட்டர்கள், கோட்டுக்குக் கீழே அரை மில்லிமீட்டர்கள், அப்புறம் சுற்றுகிற உருளையில் ஐம்பது சின்னக் கோடுகள். உருளையின் ஒரு முழுச் சுற்று அரை மில்லிமீட்டர், ஒரு சின்னக் கோடு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று. மூன்றையும் பார்க்க வேண்டும், மூன்றையும் கூட்ட வேண்டும். பார்த்தேன். மேலே பதினேழு. கீழே அரைக்கோடு வெளியே தெரிகிறது. உருளையில் இருபது. பதினேழும் அரையும் இருபதும். 17.70. நெஞ்சு ஒரு முறை துள்ளியது. சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. பிடித்துவிட்டேன். அரை மில்லிமீட்டர் நீளம். மேட்டில் வண்டி நின்றதற்கும் அப்பாக்கள் வேட்டியை மடித்ததற்கும் காரணம் இதோ என் இரண்டு விரலுக்கு நடுவே. எத்தனை நாளாகத் தெரியும் அவனுக்கு? கரி சரியில்லை என்றானே.

அப்புறம் வெளிச்சத்தில் திருப்பினேன். முன் முனையில் ஒரு கோடு. மயிரைப் போல, வெள்ளையாக. பின் முனையிலும் ஒன்று. நகத்தால் வருடினால் தெரியவில்லை, கண்ணுக்குத்தான் தெரிகிறது. பற்றவைத்த கோடு. கட்டையின் இரண்டு முனையிலும் மெல்லிய பித்தளைத் தகடு ஒட்டவைத்து, ஒட்டியது தெரியாமல் ராவி வைத்திருக்கிறான். எந்தத் தகடு? கால் மில்லிமீட்டர்த் தகடு, நாங்கள் இருவரும் காந்திபுரத்தில் வாங்கியது, மிச்சம் இழுப்பறையில் கிடக்கிறது. எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அதே தடிமன். இரண்டு கால், அரை. 17.70-இல் அரை போனால் 17.20. அப்படியானால் இந்தக் கட்டையை அவன் முதலில் செய்தபோது அது சரியாக இருந்திருக்கிறது, இம்மி பிசகாமல். சரியாகச் செய்து, பிறகு உட்கார்ந்து, பொறுமையாக, நுணுக்கமாக, அதைத் தப்பாக்கியிருக்கிறான். எதற்கு? வண்டி ஓடக்கூடாது என்றா? எனக்குக் கெட்ட பெயர் வரவேண்டும் என்றா? ஆனால் பெயர் இரண்டு பேருக்கும்தானே, புகைபோக்கிக்குக் கீழே தகட்டில் இரண்டு பெயரும் வெட்டியிருக்கிறது. ஒருவன் தன் பக்கத்தைத் தானே கெடுப்பானா? கெடுப்பான், கெடுத்துவிட்டு மெல்லச் சொல்வான், உங்க பக்கந்தான் ஏதோ என்று. இல்லை. அவன் ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். எப்போது? நான்கு வருடத்துக்கு முன்னால், முதல் முதலாக எஞ்சினை மரக்கட்டை மேல் தூக்கி வைத்து, சக்கரம் அந்தரத்தில் சுற்ற, கம்ப்ரசரிலிருந்து காற்று விட்டு ஓட்டினோம். ஒரு சுற்றுக்கு நான்கு மூச்சு விட வேண்டும், வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் இரண்டு, நான்கும் ஒரே அளவில். விடவில்லை. இரண்டு பலமாக, இரண்டு மெலிவாக, நொண்டி நடக்கிற மாதிரி. என் பக்கம் அமைதியாக மூச்சு விட்டது, அவன் பக்கம் கத்தியது. கத்துகிற பக்கம்தான் தப்பு என்றேன். ருக்மணி வாசலில் நின்றிருந்தாள், அவளிடம் திரும்பி, பார்த்தாயா, நம் பக்கம் அளந்து செய்தது என்றேன். மாரப்பன் சிரித்தான். வால்வைக் கழற்றி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான், ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்து மாட்டினான், இந்தத் தகடுகளோடுதான் மாட்டியிருக்க வேண்டும். நான்கு மூச்சும் ஒன்று போல வந்தது. நான் அவன் தோளில் தட்டினேன்.

தட்டினேன். அந்தத் தட்டு இப்போது என் உள்ளங்கையில் சுடுகிறது. இல்லை, பொறு, அவசரப்படாதே. கால் மில்லிமீட்டர் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? சத்தத்தை வைத்து அளவு சொல்ல முடியாது, யாராலும் முடியாது. அளந்திருக்க வேண்டும். எதை அளந்தான்? என்னுடையதை அளக்காமல் இது முடியாது. அந்த வாரம் நான் ஊரில் இல்லை, பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன். கொட்டகைச் சாவி ருக்மணியிடம். எழுந்து சமையல்கட்டுக்குப் போனேன், கையில் எண்ணெயோடு. மாரப்பன் நான் இல்லாதபோது வந்தானா என்று கேட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தவில்லை. "எப்ப?" நான்கு வருடத்துக்கு முன்னால் என்றேன். "வந்தாருங்க. எஞ்சினைப் பாக்கோணும்னாரு, தொறந்து விட்டேன். நீங்க இன்னைக்கு அவரு பக்கம் உக்காந்திருக்கீங்கல்ல, அதேமாதிரி உங்க பக்கம் உக்காந்திருந்தாரு." ஏன் என்னிடம் சொல்லவில்லை? "நீங்க கேக்கலீங்களே. அரை மணி நேரத்துல போயிட்டாரு. போறப்ப மூஞ்சி செத்துப்போச்சு. என்னுங்ணா ஒரு மாதிரி இருக்கீங்கன்னேன், ஒண்ணுமில்ல தங்கச்சின்னாரு." கத்தி நின்றது. "ஸ்க்ரூ போட்டு வெக்கோணும்னு ஒரு தட்டம் கேட்டாரு. பழைய இட்லித்தட்டைக் குடுத்தேன். இன்னும் திரும்பி வரலை." நான் கொட்டகைக்குத் திரும்பி வந்தேன். இட்லித்தட்டு மேஜைமேல் இருந்தது. நான் ஏதோ பழைய சாமான்களுக்கு நடுவே அதைக் கண்டெடுத்து, நானே யோசித்து, நானே பெருமைப்பட்டுக்கொண்டு. அவன்தான் முதலில் பேச்சை மீறினான். என் பெட்டியைத் திறந்தான், என் வால்வைத் தொட்டான், என் மனைவியிடம் தட்டு வாங்கி. கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் அது வந்த இடத்திலேயே வேறு ஏதோ, பயம் போல, நின்றுகொண்டிருந்தது.

என் பக்கம் திறக்க நேரமாகவில்லை. வால்வை எடுத்தேன், துடைத்தேன், அளந்தேன். மேலே பதினேழு, உருளையில் இருபது. 17.20. அப்பாடா. சரியாகத்தானே இருக்கிறது, வரைபடத்தில் இருப்பது போலவே. அப்படியானால் அவன் என்னதான் செய்தான்? எதற்காகத் தன்னுடையதைக் கெடுத்தான்? பைத்தியக்காரன். இரண்டு கட்டைகளையும் கண்ணாடிப் பலகைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், ஒரு முனையை ஓரச் சட்டத்தில் முட்டும்படி தள்ளி. மறுமுனையில் அரை மில்லிமீட்டர் படி இருக்க வேண்டும். நகத்தால் வருடினேன். படி இல்லை. விரல் நுனியால் வருடினேன். ஒரே கட்டையைத் தொடுவது போல வழுக்கிக்கொண்டு போயிற்று. 17.70-ம் 17.20-ம் எப்படி ஒரே நீளமாக இருக்கும்? தறி நின்றுவிட்டது, கரண்ட் போயிருக்க வேண்டும். அந்த அமைதியில் என் கட்டையை மறுபடி மைக்ரோமீட்டரில் வைத்தேன். மறுபடி. நான் எதையும் இரண்டாவது தடவை அளந்ததில்லை. மேலே பதினேழு. உருளையில் இருபது. நடுக்கோட்டுக்குக் கீழே, உருளையின் ஓரத்தை ஒட்டி, வெளியே, தெளிவாக, சின்னதாக, அரைக்கோடு. அது அங்கேயே இருந்தது. முதல் தடவை அளந்தபோதும் இருந்திருக்கும். அவனுடையதை அளக்கும்போது என் கண் அதைப் பார்த்தது, என்னுடையதை அளக்கும்போது பார்க்கவில்லை. தப்பைத் தேடினேன், கண் மூன்று இடமும் பார்த்தது. தப்பிருக்காது என்று தெரியும், இரண்டு இடம் போதும் என்றது. அப்ரண்டிஸ் பையன்கள் முதல் வாரம் செய்கிற தப்பு இது. இந்தத் தப்புக்கு எத்தனை பேரை நான் கிண்டல் செய்திருக்கிறேன், உனக்குக் கண் எதற்கடா, கோலி விளையாடவா என்று. நொண்டியது நான். அவன் பக்கம் கத்தவில்லை, சரியாக மூச்சு விட்டது. நான்தான் மூச்சு முட்டிக்கொண்டிருந்தேன், அதை அமைதி என்றேன். அவன் என் பெட்டியைத் திறந்து பார்த்தான், அளந்தான், முகம் செத்துப்போனது, வீட்டுக்குப் போய் என் தப்புக்குச் சரியாகத் தன் கட்டைக்குத் தகடு ஒட்டினான். நான்கு மூச்சும் ஒன்று போல வந்தது, நான்கும் பலவீனமாக.

இதில் என்ன இருக்கிறது, கண் பிசகிவிட்டது, வயதாகிறது. அப்படி விட்டுவிடலாம். ஆனால் வால்வு செய்தபோது எனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அது கண் இல்லை. அது பழக்கம் என்றால் எப்போதிலிருந்து பழக்கம்? இங்கேதான் நிற்கக்கூடாது, இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட வேண்டும், ஆனால் மனம் முள்ளில் மாட்டிய துண்டு போல இங்கேயே நிற்கிறது. எண்பத்து மூன்று மார்கழி. ஆழ்கிணற்றுப் பம்புக்கான தண்டுகள், நாற்பது, 25 மில்லிமீட்டர் விட்டம். மாரப்பன் அப்போது லேத்தில் இருந்தான். மூன்றை எடுத்து அளந்தேன், மூன்று தப்பென்றால் மொத்தமும் தப்பு, அதுதான் வழக்கம். 24.48. அரை மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. குறைந்துபோன தண்டை ஒன்றும் செய்ய முடியாது. அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். "இன்னொருக்கா பாருங்க சார்" என்றான். "நான் ஒருக்காதான் பார்ப்பேன்" என்றேன். அது என் பெயர் அங்கே, ஒருக்கா சிகாமணி. மேனேஜர் வெளியூர்க்காரர்களிடம் அதைச் சொல்லிக்காட்டுவார். நாற்பதிலும் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள், மத்தியானமே வெட்டி உலைக்கு அனுப்பிவிட்டார்கள். மாரப்பனை வார்ப்படப் பக்கம் மாற்றினார்கள், மூன்று வருடம், உலைக்குப் பக்கத்தில். இடது முழங்கையில் அந்தத் தழும்பு அங்கே பட்டது. 24.48-உடன் அரையைக் கூட்டினால் 24.98. 24.98 என்றால் சரி. அருமையான சரி. கூட்டாதே. எந்த லேத்காரன் நாற்பது தண்டை அரை மில்லிமீட்டர் குறைத்துக் கடைவான்? அன்றைக்கு இந்தக் கேள்வியை ஏன் கேட்கவில்லை? கேட்டேன், கேட்டுவிட்டு, கவனமில்லை என்று பதிலும் நானே சொன்னேன். உருகிப்போன இரும்பை அளக்க முடியாது. மூன்று பம்பாகவோ நூறு நட்டாகவோ எந்தக் கிணற்றடியிலோ கிடக்கும். ஆனால் அவனுக்குத் தெரியும். அவன் கையில் அளந்து பார்த்துத்தான் கொண்டுவந்திருப்பான். தெரிந்துகொண்டே இத்தனை வருடம் ணா என்கிறான், மோர் குடிக்கிறான், என் தப்புக்குத் தகடு ஒட்டுகிறான். இது என்ன அன்பா? இரக்கமா? அல்லது இன்ஸ்பெக்டரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது மூடலாம் என்று திறந்தே வைத்திருக்கிறானா? அப்படியானால் சொல்லிக்காட்டியிருப்பான், நான்கு வருடத்தில் ஒரு தடவையாவது, ஒரு கோபத்திலாவது. சொல்லவே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

மணி பன்னிரண்டேகால். இரண்டு மூடியையும் மூடிவிடலாம். பேப்பர் படித்தேன் என்பது அப்படியே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மேட்டில் வண்டி நிற்கும், கரி சரியில்லை என்பான், ஆமாம் என்பேன். அல்லது இரண்டு கட்டையையும் நானே சரிசெய்துவிடலாம், வண்டி மேடேறும், அவனும் ஒன்றும் கேட்கமாட்டான், கேட்காமல் என் முகத்தைப் பார்ப்பான். நான் என்னுடைய கட்டையை மட்டும் வைஸ் இடுக்கியில் பிடித்தேன். தகரத்தை மடித்து இரண்டு பக்கமும் வைத்து, கீறல் விழாமல். மெல்லிய அரம். முன் முனையில் கால், பின் முனையில் கால். நான்கு இழுப்பு, ஒரு அளவு. நான்கு இழுப்பு, ஒரு அளவு. ஒவ்வொரு தடவையும் மூன்று இடத்தையும் வாய்விட்டுப் படித்தேன், பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வது போல: பதினேழு, அரை இருக்கிறது, ஐந்து. பதினேழு, அரை இல்லை, நாற்பது. பதினேழு, அரை இல்லை, இருபது. மறுபடி வைத்தேன், இருபது. மறுபடி, இருபது. மாட்டினேன், என் மூடியை மூடினேன். அவனுடைய கட்டையை அவன் வைத்தபடியே, தகடோடு, அதன் பெட்டிக்குள் வைத்து மூடி ஆறு ஸ்க்ரூவையும் போட்டேன். இனி வண்டி நொண்டும். காற்று விட்டால் கொட்டகைக்கு வெளியே நிற்கிறவருக்குக் கூடக் கேட்கும். பேப்பர் படித்தேன் என்று இனி சொல்ல முடியாது. அதற்காகத்தான் செய்தேனா? செய்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

ஒன்று நாற்பதுக்கு வாசல் கேட் கிறீச்சிட்டது. பட்டுக்கரை வேட்டி, கையில் தேங்காய்ப் பை, நெற்றியில் சந்தனம் உதிர்ந்துகொண்டு மாரப்பன் உள்ளே வந்தான். நான் கம்ப்ரசர் குழாயைத் திறந்தேன், கரண்ட் இல்லாவிட்டாலும் டாங்கியில் காற்று இருந்தது. மரக்கட்டைமேல் தூக்கி வைத்திருந்த சக்கரங்கள் சுற்றத் தொடங்கின. பலமாக இரண்டு, மெலிவாக இரண்டு. பலமாக இரண்டு, மெலிவாக இரண்டு. அவன் பையைக் கீழே வைக்கவில்லை, தலையை ஒரு பக்கம் சாய்த்து மூன்று சுற்று கேட்டான். பிறகு, "எம் பக்கந்தானுங்ணா எளைக்குது. நான் சரி பண்ணிப்புடறன்" என்றான். குழாயை மூடினேன்.

"உன் மூடியைத் தொறந்தேன், மாரப்பா."

"தெரியுதுங்ணா."

"எப்படித் தெரியுது?"

"ஆறு ஸ்க்ரூவோட வெட்டும் ஒரே பக்கமாப் பாத்துக்கிட்டு வரிசையா நிக்குதுங்களே, இஸ்கோல் புள்ளைங்க மாதிரி. எனக்கு அவ்வளவு பொறுமை ஏதுங்?" பையை இறக்கி வைத்தான், ஸ்டூலை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

"நீயும் என்னுதைத் தொறந்திருக்கே."

"ஆமாங்ணா." திருப்புளியைத் தேடி எடுத்தான்.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க இன்னொருக்கா பாத்திருப்பீங்களா?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டது போல இருந்தது. பதிலுக்குக் காத்திருக்காமல் முதல் ஸ்க்ரூவை இளக்கினான். இட்லித்தட்டில் எந்தக் குழி என்று பார்க்காமல் போட்டான்.

கேட்டுவிட வேண்டும். இப்போது கேட்காவிட்டால் ஒருபோதும் கேட்கமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை வண்டி மேடேறிவிடும், எல்லோரும் கை தட்டுவார்கள், இதன்மேல் மூடி விழுந்துவிடும். அந்த நாற்பது தண்டு என்றேன். எந்தத் தண்டுங்ணா என்றான், ஆனால் அவன் கழுத்துக்குத் தெரிந்துவிட்டது, நான் பார்த்தேன். எண்பத்து மூணு மார்கழி என்றேன். "ஓ, அதுங்களா." இரண்டாவது ஸ்க்ரூ. "அது தப்புத்தானுங்ணா. அன்னைக்குப் பெரியவனுக்கு டைபாய்டுக் காய்ச்சல், விடிய விடியத் தூக்கமில்லை, அப்படியே வந்து லேத்துல நின்னேன். கை போன போக்குல கடைஞ்சு வெச்சுட்டேன். நீங்க ஒதுக்குனது நாயந்தானுங்ணா." மூன்றாவது ஸ்க்ரூ. நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்தது, கட்டியிருந்த கயிறு ஒன்று. தப்புத்தான். அவனே சொல்கிறான். காய்ச்சல், தூக்கமில்லாத கண், அரை மில்லிமீட்டர், எல்லாம் பொருந்துகிறது. எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது. ஒட்டிய இடம்கூடத் தெரியாமல். பெரியவன். பெரியவனுக்குக் காது குத்தியது எண்பத்தாறில், ருக்மணியும் நானும் போயிருந்தோம், கெடா வெட்டினார்கள், பிள்ளைக்கு அப்போது ஒரு வயது, என் மடியில்தான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். எண்பத்தாறில் ஒரு வயது என்றால். கழித்துப் பார்த்தேன். இன்னொரு தடவை கழித்தேன். மூன்றாவது தடவையும் அதே விடை வந்தது.

"மாரப்பா," என்றேன், "எண்பத்து மூணுல உன் பெரியவன் பொறக்கவே இல்லை."

திருப்புளி நின்றது. தறி மறுபடி ஓடத் தொடங்கியது. அவன் நிமிரவில்லை, தலைமயிரில் எங்கோ ஒரு அட்சதை அரிசி மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்படீங்களா? அப்பச் சின்னவனா இருக்குமுங்ணா," என்று சொல்லிவிட்டு நான்காவது ஸ்க்ரூவைக் கழற்றத் தொடங்கினான்.